குடத்துத் தண்ணீர்

கடலுக்குள் ஆறு பாகம், ஆறு ஆள் ஆழத்தில் மூச்சடக்கிச் சங்கு அள்ளுகிறவன் கிளாட்வின். அவனுக்குப் பிறந்த பிள்ளை மூச்சு விடத் தெரியாமல் நீலம் பாரித்துக் கிடந்தது. உலகச் சண்டை நடந்த வருஷங்களில் ஒரு பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் அது. "தங்காது போல இருக்கு" என்று மருத்துவச்சி வடிவம்மாள் சொன்னதுதான் தாமதம். அடுத்து அவள் சொல்ல வந்ததைக் காதில் வாங்காமல் திரேஸ்புரத்திலிருந்து மாதா கோயிலுக்கு ஓடினான்.

பிள்ளை சாவதைவிட, ஞானஸ்நானம் இல்லாமல் சாவதற்குத்தான் அவன் பயந்தான். போன வருஷம் தலைப்பிள்ளை அப்படித்தான் போயிற்று. மருத்துவச்சி வருமுன் பிறந்த அதை விட்டுவிட்டுச் சுவாமியாரைக் கூட்டிவர இதே போல ஓடினான். திரும்புமுன் எல்லாம் முடிந்துவிட்டது. ஜென்மப்பாவம் கழுவாத பிள்ளை என்று கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே, உடைமுள் புதர் ஓரமாகப் புதைத்தார்கள். மனைவி பிளாரன்ஸ் அந்தத் தெருப் பக்கமே இப்போது போவதில்லை. என்றைக்கோ ஆதாம் தின்ற பழத்துக்கு, தாய்ப்பால்கூடக் குடிக்காத பிள்ளையா பிணை? இது என்ன நியாயம்?

கோயில் வாசலில் தீர்த்தத் தொட்டிக்குள் கையை விட்டான். காய்ந்து கிடந்தது. பெரிய வியாழனன்றே தீர்த்தத்தை எடுத்துவிடுவார்கள் என்பது அந்தப் பதற்றத்தில் அவனுக்கு நினைவில்லை. ஆண்டவரே செத்துக் கிடக்கிற நாளில் யாரிடம் போய் முறையிடுவது? கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு போய், பிரசங்கம் செய்துகொண்டிருந்த சுவாமியாரின் அங்கியைப் பிடித்தான்.

"சாமி, பிள்ளை போகுது. தொட்டியில தீர்த்தம் இல்ல. இன்னைக்கு ஞானஸ்நானம் கிடையாதோ?"

சுவாமியாருக்கு முகம் வெளிறிவிட்டது. "தீர்த்தம் எதுக்குலே? சாகக் கிடக்கிற பிள்ளைக்கு எந்தத் தண்ணியும் போதும், யாரும் ஊத்தலாம். ஆதாம் கொண்டுவந்த சாபத்தைத் தீர்க்கத்தானே அவரு இன்னைக்குச் செத்தாரு. ஓடு, நீயே ஊத்து. பின்னாலயே வாரேன்."

ஓடினான். வடிவம்மாள் வாசலில் நின்ற நிலையிலேயே பிள்ளை போய்விட்டது தெரிந்தது. கிளாட்வின் நிலைப்படியில் தலையை முட்டிக்கொண்டான்.

"ஏலே, கேளு. இதைத்தான் அப்பமே சொல்ல வந்தேன், நீ நின்னாத்தானே. உங்க சாமியார் மருத்துவச்சிக எல்லாருக்கும் சொல்லிக் குடுத்திருக்காரு. பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து பேரைச் சொல்லி நானே ஊத்திட்டேன். நான் கும்பிடுதது முருகனைத்தான். ஆனா ஊத்தும்போது பிள்ளைக்கு உயிர் இருந்துச்சு."

"எந்தத் தண்ணி, அக்கா?"

"அந்தா இருக்கே, குடத்துத் தண்ணி."

உள்ளே படுத்திருந்த பிளாரன்ஸ் மெல்லக் கேட்டாள். "அப்போ மூத்ததுக்கும் நாமளே ஊத்தியிருக்கலாமோ?"

இந்தப் பிள்ளைக்கு மதிலுக்குள் இடம் கிடைத்துவிடும். அது அவனுக்கு ஆறுதலாகத்தான் இருந்திருக்க வேண்டும். கிளாட்வின் மூலையிலிருந்த மண்குடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். போன வருஷமும் அது அங்கேயேதான் இருந்தது, கழுத்துவரை தண்ணீரோடு. அதைத் தாண்டித்தான் அவன் ஓடினான்.