மேடையேறிய பாஷ்முஹந்திஸ்

எகிப்தின் ஸகாஸிக் நகரில் ‘பாஷ்முஹந்திஸ்’ என்று கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். தலைமைப் பொறியாளர் என்று அர்த்தம். ஆனால் குழாய் அடைப்பு எடுப்பவர், செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுபவர், கையில் ஸ்க்ரூடிரைவரோடு யோசனையாக நிற்பவர் என்று யாரையும் அப்படிக் கூப்பிடலாம். கூப்பிட்டால் வேலை கொஞ்சம் சீக்கிரம் முடியும். ஷாஹிந்தாவின் அப்பா ரஜப் ஜன்னல்களுக்குத் திரைச்சீலை மாட்டுகிறவர். இடுப்பில் டேப் தொங்குவதால் அவருக்கும் அந்தப் பட்டம் வெகுகாலமாக உண்டு.

அது வெறும் வாய்வார்த்தை என்பது ரஜப்புக்குத் தெரியும். அதனால்தான் வீட்டுக்கு ஒரு அசல் பாஷ்முஹந்திஸ் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். தொழிற்பள்ளியில் மின்சாரப் பிரிவில் கடைசி வருஷம் படிக்கும் ஷாஹிந்தா, தனித் தேர்வு எழுதி எப்படியாவது பொறியியல் கல்லூரிக்குள் நுழைந்துவிட வேண்டுமாம். அவளுக்கோ லிஃப்ட் கம்பெனிப் பயிற்சியில் சேர ஆசை. ஆள் எடுக்கப் பள்ளிக்கு வந்திருந்த கம்பெனிப் பெண்மணி கூடத்து வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள். தகப்பன் நேரில் வந்து சரி என்று சொல்ல வேண்டும். பகல் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் அவள் கிளம்பிவிடுவாள்.

அன்று பள்ளியில் எதிர்காலத் திட்ட விழா. நடத்தியவர் உஸ்தாஸ் ஃபிக்ரி. விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். முழங்கால் தேய்ந்த பிறகு மாணவர்களின் எதிர்காலத்தை அவரிடம் ஒப்படைத்திருந்தார்கள். வாழ்க்கை ஓர் ஏணி என்று தொடங்கி, அதன் ஒவ்வொரு படிக்கும் பெயர் வைத்து, பெற்றோரில் பாதிப் பேரைத் தூங்க வைத்த பிறகு, சிறப்பு விருந்தினரை அழைத்தார்.

“பாஷ்முஹந்திஸ் மேடைக்கு வரணும்.”

தூங்கியவர்களும் சேர்ந்து எழுந்தார்கள். டிஷ் ஆன்டெனா மாட்டுகிறவர், டைல்ஸ் ஒட்டுகிறவர், ஃபிரிட்ஜுக்குக் கேஸ் அடிக்கிறவர் எல்லோரும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். முன்வரிசையில் இருந்த ரஜப் முந்திக்கொண்டார். அசல் விருந்தினரோ அசையவில்லை. போன வருஷம் முனைவர் பட்டம் வாங்கியதிலிருந்து ‘டாக்டர்’ என்றால்தான் அவர் திரும்புவார். அவர் பக்கத்தில் இருந்த அம்மாள் அதை எப்படியோ தெரிந்துகொண்டு, சட்டைக் கையை மடித்து, பிரஷர் பார்க்கச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

மாலை கழுத்தில் விழுந்தபோதுதான் ரஜப்புக்கு விஷயம் உறைத்தது. ஆனால் மாலை கனமாக இருந்தது. கழற்ற மனம் வரவில்லை. நீங்கள் ஏணியில் ஏறிய கதையைச் சொல்லுங்கள் என்று ஃபிக்ரி மைக்கை நீட்டினார்.

ஏணி பற்றி ரஜப்புக்குச் சொல்ல நிறைய இருந்தது. கடைசிப் படியில் நிற்கவே கூடாது, தலை சுற்றும் என்றார். கீழே ஒருத்தர் பிடித்துக்கொள்ளாவிட்டால் ஏறிப் பிரயோசனம் இல்லை என்றார். வழுவழுப்பான தரையில் ஏணியின் காலுக்குப் பழைய செருப்பைக் கொடுக்க வேண்டும் என்றார். ஃபிக்ரி கண் கலங்கி, ‘பழைய செருப்பு’ என்று பலகையில் எழுதி அடிக்கோடிட்டார். கைதட்டல் அடங்கவில்லை.

கடைசி வரிசையில் ஷாஹிந்தா எழுந்தாள். வாசல் மேசையில் பெண்மணி பையை மூடிக்கொண்டிருப்பது அவளுக்கு அங்கிருந்தே தெரிந்தது.

“பாஷ்முஹந்திஸ், நீங்க எந்தக் காலேஜ்ல படிச்சீங்க?”

ரஜப் மகளைப் பார்த்த பார்வையில் ராத்திரிச் சாப்பாடு கிடையாது என்று எழுதியிருந்தது. பொய் சொல்லலாம்தான். ஆனால் அவருக்குத் தெரிந்த கல்லூரிகளில் எல்லாம் அவர் திரைச்சீலை மாட்டியிருக்கிறார். வாட்ச்மேன் முதற்கொண்டு சாட்சி சொல்வான்.

“காலேஜுக்கெல்லாம் போகலை. மச்சான்கூட வேலைக்குப் போய்க் கத்துக்கிட்டேன்.”

ஃபிக்ரி மெய்சிலிர்த்தார். பயிற்சியிலேயே உருவான பாஷ்முஹந்திஸ் என்று அறிவித்துவிட்டு, அப்படியானால் உங்கள் பிள்ளைக்கு என்ன வழி காட்டுவீர்கள் என்று கேட்டார். கூடம் முழுக்க அந்த மாலையையே பார்த்தது.

“பயிற்சிதான்,” என்றார் ரஜப், பல்லைக் கடித்துக்கொண்டு. “வேற என்ன.”

இறங்கியவரைத் தகப்பன்மார் சூழ்ந்துகொண்டார்கள். என் பையனை எங்கே சேர்க்கலாம் என்று ஆளாளுக்குக் கேட்க, ரஜப் தாராளமாக எல்லோருக்கும் லிஃப்ட் கம்பெனியைக் கைகாட்டினார். அங்கே வாசலில் வரிசை நீண்டது. ஷாஹிந்தா ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்து வரிசையைக் கிழித்துக்கொண்டு போனாள்.

“முதல்ல எனக்குச் சரின்னு சொல்லுங்க பாபா. அப்புறம் ஊருக்குச் சொல்லலாம்.”

“இருடி, அந்த மனுஷன் பையனுக்கு இன்னும் பாதி யோசனை சொல்லணும்.”

“பாபா.”

கம்பெனிப் பெண்மணி மாலையைப் பார்த்து மரியாதையாக எழுந்து நின்றாள். ரஜப் அவளை உட்காரச் சொல்லிக் கையமர்த்தினார்.

“சரி, சேத்துக்கோங்க,” என்றார், பரிசு வழங்குகிற தோரணையில்.

பாங்கு கேட்டது. ஷாஹிந்தா மூச்சு விட்டுத் திரும்பிப் பார்த்தாள். அப்பா பக்கத்தில் இல்லை. உள்ளே மைக் மறுபடி இரைந்தது. இந்த முறை அவரை யாரும் அழைத்திருக்கவில்லை.