நாலாவது ஊற்று

வென் பிங்ஷௌவுக்கு எழுபத்தொரு வயதில் இரண்டாம் கல்யாணம் செய்துகொள்ளும் எண்ணம் வந்தது. பெண் சைஜூ. வயது அறுபத்தாறு. ஃபெங்குவாங் மலையில் அவருடைய சரிவில் பதினெட்டு வருஷமாக இலை பறிக்கிறவள். புருஷன் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. கேட்டதும் சரி என்றுவிட்டாள். அண்ணன் சம்மதம் இல்லாமல் வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள். அறுபத்தாறு வயதில் அண்ணன் எதற்கு என்று பிங்ஷௌ கேட்டார். அவள் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆக, அண்ணன் தேவை என்று ஆயிற்று.

அண்ணன் பேர் வெய் யௌஜின். அடிவாரத்தில் லிச்சி மரத்தைக் கரியாகச் சுட்டு, தேயிலை வாட்டுகிற வீடுகளுக்கெல்லாம் கொடுப்பவர். யாரையும் நம்பாத ஆள். அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஒருவர் வாசலில் வந்தால், தேயிலை ஊறவைக்கிற மூடிக் குவளையில் இருக்கிற இலையைக் கொட்டிவிட்டுப் புது இலை போட வேண்டும். பழைய இலையில் ஊற்றிக் கொடுப்பது எச்சில் சோறு போடுவதற்குச் சமம். ஒரு வீட்டில் யௌஜினுக்கு அப்படி ஊற்றிவிட்டார்கள். அவர் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனார். ஒன்பது வருஷம் அந்த வீட்டுக்குக் கரி கிடைக்கவில்லை.

அப்படிப்பட்டவரைத் தேநீருக்குக் கூப்பிட்டாயிற்று. தேயிலைதான் இல்லை. இந்த வருஷத்து இலையைக் கரியில் வாட்டிப் பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. சூடு இறங்க இரண்டு மாதமாவது வேண்டும். அதற்கு முன் குடித்தால் அடுப்பை நக்கிய மாதிரி இருக்கும். போன வருஷத்து இலையில் மூன்று பொட்டலம் மிச்சம் இருந்தது. ஒரு பொட்டலம் ஒரு குவளைக்கு. வருகிறவர் ஒருத்தர், பொட்டலம் மூன்று, போதும் என்று பிங்ஷௌ நினைத்தார்.

ஒரே இலையில் திரும்பத் திரும்ப வெந்நீர் ஊற்றி இறுத்துக் குடிப்பார்கள். வாட்டிய இலை உடனே பேசாது. அலசிக் கொட்டிய பிறகு, முதல் ஊற்றில் தீதான் வரும். இரண்டாவதிலும் தீதான். மூன்றாவதில் கொஞ்சம் அடங்கும். நாலாவதில்தான் இலை வாயைத் திறக்கும். பூ வாசனை, பழ வாசனை, தொண்டையில் இறங்கியபிறகு திரும்பி வருகிற தித்திப்பு, எல்லாம் அதில்தான். நாலாவது ஊற்றைத் தொண்டையில் வைத்துக்கொண்டு எவனும் மாட்டேன் என்று சொல்லமாட்டான் என்பது பிங்ஷௌவின் கட்சி. பெண் கேட்பதை அதுவரை தள்ளிவைத்தார்.

யௌஜின் காலை ஒன்பது மணிக்கு வந்தார். உட்காரும் முன்பே அடுப்பைக் குனிந்து பார்த்தார்.

"கரி யாரோடது?"

"உங்களோடதுதான் அண்ணே."

"ம். அப்ப அதுல குத்தம் இருக்காது."

பிங்ஷௌ கோப்பைகளைக் கொதிநீரில் உருட்டிக் கழுவி, முதல் பொட்டலத்தைப் பிரித்துப் போட்டு ஊற்றினார்.

யௌஜின் குடித்தார். "தீ தெரியுது."

இரண்டாவது ஊற்று. "தீ தெரியுது."

மூன்றாவதைக் குடித்துவிட்டுக் காலிக் கோப்பையைக் கொஞ்ச நேரம் மூக்கடியில் வைத்திருந்தார். பிங்ஷௌ தொண்டையைச் செருமிக்கொண்டு கெட்டிலைத் தூக்கினார். வாசலில் நிழல் விழுந்தது.

அடுத்த வீட்டு மூலியன். கையில் ஒரு கிண்ணம் உப்பு முள்ளங்கி.

"அட, வெய் அண்ணன் வந்திருக்கீங்களா? எனக்குத் தெரியவே தெரியாதே!"

யௌஜின் கீழே ஊர்ப் பாலம் ஏறும்போதே பார்த்துவிட்டுத்தான் முள்ளங்கியை எடுத்தாள். பிங்ஷௌ, "உட்காரும்மா" என்றார். வேறு வழியில்லை. யௌஜின் வந்தவளைப் பார்க்கவில்லை. குவளையைத்தான் பார்த்தார்.

பிங்ஷௌ இலையைக் கொட்டினார். மூன்று ஊற்றோடு அந்த இலையைக் கொட்டுவது, எருமை கன்று போட்ட அன்றைக்கே அதை விற்கிற மாதிரி. இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்தார்.

"என்ன, கல்யாணப் பேச்சா?" என்றாள் மூலியன்.

"டீ குடிக்கிறோம்."

"டீ குடிக்கவா கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டிருக்கீங்க? மூச்சு முட்டப்போவுது அண்ணே."

"முள்ளங்கிய வெச்சிட்டுக் குடி."

"நான் குடிக்கத்தான் வந்தேன். நீங்கதான் எதையோ முழுங்கறீங்க."

ஒன்று, இரண்டு, மூன்று. யௌஜின் மூன்று முறையும் தீ தெரிகிறது என்றார். நாலாவதுக்குத் தண்ணீர் கொதித்தபோது லியாங் வந்தான். நாற்பது வயது இருக்கும். பன்றிகளுக்கு ஊசி போடுகிறவன். பெட்டியோடு நின்றான்.

"எங்கிட்ட பன்னி இல்லியேடா," என்றார் பிங்ஷௌ.

"தெரியும் பெரியப்பா. வாசனை வந்துது, அதான்."

மூன்றாவது பொட்டலமும் போயிற்று. ஆள் நாலு, கோப்பை மூன்று. அந்த மலை வழக்கப்படி எத்தனை பேர் இருந்தாலும் கோப்பை மூன்றுதான். நீங்க எடுங்க, இல்ல நீங்க எடுங்க என்று மூலியனும் லியாங்கும் ஆளுக்கொரு முறை சொன்னார்கள். பிறகு இருவருமே எடுத்துக்கொண்டார்கள். பிங்ஷௌவுக்குக் கோப்பை இல்லை. அவர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது ஊற்று முடிந்ததும் யௌஜின் தொப்பியை எடுத்தார்.

"பிங்ஷௌ, காலையிலேருந்து ஒம்பது கோப்பை. ஒம்பதுலயும் கரி. கரி திங்கணும்னா நான் மலை ஏற வேண்டியதில்ல, வீட்டுலயே மலையாட்டம் கெடக்கு."

"இன்னும் ஒண்ணு அண்ணே. நாலாவது."

"நீ எதுக்குக் கூப்பிட்டேன்னு எனக்குத் தெரியும். இலையப் பதமா வாட்டத் தெரியாதவன் பொண்டாட்டிய எப்படி வெச்சுக் காப்பாத்துவான்? அவ என் தங்கச்சி. என் தலைமேல இருக்கற பொறுப்பு."

"ஒண்ணே ஒண்ணு குடிச்சிட்டு இல்லேன்னு சொல்லுங்க. எந்திரிச்சு நானே பாலம் வரைக்கும் கொண்டுவந்து விடறேன்."

யௌஜின் எழுந்தவர் எழுந்தபடி நின்றார். பிங்ஷௌ கெட்டிலைத் தூக்கினார். அப்போது சைஜூ உள்ளே வந்தாள். ஒரு மணி நேரத்தில் முடியும் என்று சொன்ன பேச்சு இரண்டு மணி நேரமாகியும் முடியவில்லையே என்று பார்க்க வந்தவள்.

நாலு பேரும் குவளையைப் பார்த்தார்கள்.

பழைய இலையில் ஊற்றினால், அண்ணன் கண்ணெதிரே தங்கைக்கு எச்சில் போட்டது ஆகும். இந்த வருஷத்து இலையைப் போட்டால், பத்தாவது கோப்பையும் கரி. பிங்ஷௌவுக்கு ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது யோசனை ஓடாது. தனியாக இருந்தாலும் சுமாராகத்தான் ஓடும்.

"இலை தீந்துபோச்சு," என்றார். "மூணு பொட்டலந்தான் இருந்துது. வர்றவங்க போறவங்களுக்குக் கொட்டிட்டேன்."

யௌஜின் பொட்டலம் வைக்கிற தேயிலை டப்பாவை எடுத்தார். கவிழ்த்தார். உள்ளே மூக்கை விட்டுப் பார்த்தார். அடியில் விரலால் தடவினார். பொய் இல்லை என்று தெரிந்த பிறகும் இன்னொரு தடவை கவிழ்த்தார்.

சைஜூ குடையை மூலையில் சாய்த்து வைத்தாள்.

"இலைய எதுக்கு மாத்தணும்? விருந்தாளி வந்தாத்தானே மாத்தணும்."

பிங்ஷௌ கையிலிருந்து கெட்டிலை வாங்கினாள். தண்ணீரைக் குவளையின் விளிம்பு ஓரமாகச் சுற்றி விட்டாள். மூடினாள். மூன்று கோப்பையிலும் மாறி மாறி, கடைசிச் சொட்டுவரை ஒரே அளவாக ஊற்றினாள். வீட்டுக்காரிதான் அப்படி ஊற்றுவாள். மூலியன் வாயில் போட்ட முள்ளங்கியை மெல்லாமல் வைத்திருந்தாள்.

"அப்ப முடிவாயிடுச்சா?" என்றான் லியாங்.

"நீ கொஞ்சம் சும்மா இரு," என்றாள் சைஜூ. முதல் கோப்பையை அண்ணன் முன்னால் தள்ளினாள்.

யௌஜின் கோப்பையைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். எச்சில் இலை என்று சொன்னால் அவள் விருந்தாளி என்று ஆகிறது. குடித்தால் அவள் இந்த வீட்டுக்காரி என்று ஆகிறது. ரொம்ப நேரம் பார்த்தார். தேநீர் ஆறுகிறதே என்றுதான் பிங்ஷௌவுக்குக் கவலை.

யௌஜின் உட்கார்ந்தார். மூன்று மடக்கில் குடித்தார். நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு, தொண்டையில் எதுவோ திரும்பி வருகிறதா என்று காத்திருந்தார். வந்தது போலிருக்கிறது.

"இது நாலாவதா?"

"நாலாவது."

"இதையே மொதல்ல ஊத்தியிருக்கலாமே."

பிங்ஷௌ அவர் முகத்தைப் பார்த்தார். வேடிக்கையா, நிஜமா என்று அந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"இவ குறட்டை விடுவா," என்றார் யௌஜின்.

"கேட்டிருக்கேன்."

மூலியன் முள்ளங்கியை விழுங்கினாள். யௌஜின் தலையை மெதுவாகத் திருப்பினார்.

"மத்தியானத்துல," என்றார் பிங்ஷௌ. "மரத்தடியில. பறிக்கற பொம்பளைங்க எல்லாரும் இருக்கும்போது."

"எல்லாரும்தான் விடுவாங்க," என்றாள் சைஜூ.

"சரி," என்றார் யௌஜின். தொப்பியைப் பக்கத்து முக்காலியில் வைத்தார். "எட்டாம் மாசம் வெச்சுக்க. அதுக்கு முன்னாடி எனக்குச் சூளை வேலை இருக்கு. பின்னால இவ திரும்பி வந்தா நான் சேத்துக்கமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

சைஜூ ஐந்தாவது ஊற்றுக்குத் தண்ணீர் வைத்தாள். அந்த முறைதான் பிங்ஷௌவுக்கு ஒரு கோப்பை கிடைத்தது. குடித்துப் பார்த்தார். அவருக்கு அதில் தீ கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. வாயைத் திறக்கவில்லை.