மூன்று ஊசிக் கொண்டை

பொன்னம்மா தலைவாருவதை ஒருமுறை பார்த்தவர்கள் மறுமுறை அந்தப் பக்கம் வரமாட்டார்கள். அடுப்படியில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஆளை இரண்டு முழங்காலுக்கும் நடுவே நெருக்கிப் பிடித்துக்கொண்டு இழுப்பாள். புருவம் மேலே ஏறி, கண் ஓரம் இழுபட்டு நின்றால்தான் அவளுக்குத் திருப்தி. தலை கொஞ்சம் அசைந்தாலும் சீப்பின் முதுகு மண்டையில் விழும். ஆனால் தன் தலையை மட்டும் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் வாருவாள்.

குருபோங் தோட்டத்தில் பிறந்த கோகிலா, கருணாகரனைக் கட்டிக்கொண்டு காஜா பெராங்கிலிருந்த தலைமுறைகளாக மலாய் பேசும் அந்த மலாக்கா செட்டி வீட்டுக்கு வந்த மறுநாளே அந்த முழங்கால்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டாள். பொன்னம்மா அவளுக்கு நாத்தனார். தம்பியை வளர்த்து ஆளாக்கியவள், வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். பெண்கள் வாசல் தாண்ட வேண்டுமானால் முடியை இழுத்து வாரி, உச்சியில் கொண்டை போட்டு, மூன்று ஊசி குத்தியிருக்க வேண்டும். கோகிலாவுக்கு முடி குட்டை. அதனால் என்ன, கைப்பிடி கனத்துக்குச் சவுரி வைத்து முடிந்துவிட்டாள் மகராசி.

கொஞ்ச காலத்தில் கோகிலாவின் காதுக்கு மேலே இரண்டு பக்கமும் கொப்புளம் கிளம்பியது, பிறகு முடி உதிர்ந்தது. வழுக்கை தெரியக்கூடாதென்று பொன்னம்மா பின்முடியை முன்னே கொண்டுவந்து இன்னும் இறுக்கினாள். இறுக்க இறுக்க இன்னும் கொட்டியது. அம்மன் குற்றம் என்று சொல்லி மாரியம்மனுக்கு மொட்டையும் போட வைத்தார்கள். மொட்டைத் தலையில் முடி கருகருவென்று வந்தது. இழுபட்ட அந்த இரண்டு ஓரங்கள் மட்டும் மழமழவென்றே கிடந்தன. அப்போதும் அந்த வீட்டில் ஒருவருக்கும் புத்தி வரவில்லை. முடி வளர்ந்ததும் கொண்டையும் வந்துவிட்டது.

தன் தலை போனதைக்கூடக் கோகிலா விழுங்கிக்கொண்டாள். மகள் சீதாவின் தலையணையில் கொத்தாக முடி கிடந்ததைப் பார்த்த அன்றுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. சீதாவுக்கு ஏழு வயசு. மெர்டேக்கா என்ற சுதந்திர நாளன்று கம்போங் ஊர்ப் பிள்ளைகள் கெபாயாச் சட்டை மாட்டி, கொண்டை போட்டுத் திடலுக்கு ஊர்வலம் போவதாக ஏற்பாடு. அதற்குப் பழக்கவென்று சில மாதமாகவே அத்தைக்காரி பிள்ளையின் தலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

யாரிடமும் சொல்லாமல் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அங்கே இருந்த தமிழ் நர்ஸ் மிஸ்ஸி சீதாவின் நெற்றி ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"வேர் இன்னும் சாகலம்மா. இன்னையோட ஊசி, சவுரி எல்லாத்தையும் நிறுத்து. இழுத்துக் கட்டாம தளரப் பின்னிவிடு. சில மாசத்துல வந்துரும். இழுத்துக்கிட்டே இருந்தா உன்ன மாதிரி ஆயிரும்."

"எனக்கு வருமா மிஸ்ஸி?"

"உனக்கு வேர் செத்துப்போச்சும்மா."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதற்கு கோகிலாவுக்குக் கிடைத்தது கருணாகரனிடமிருந்து வாயில் ஓர் அறை. உதடு கிழிந்து ரத்தம் கெபாயாவில் சொட்டியது. "எங்க அக்காவுக்குத் தெரியாதத அந்த மிஸ்ஸி சொல்லிட்டாளா?" என்று கேட்டுவிட்டு அவன் பாட்டுக்குச் சாப்பிட உட்கார்ந்தான்.

மெர்டேக்கா அன்று காலை கோகிலா கிணற்றடியில் இருந்தாள். உள்ளே சீதா அலறினாள். ஈரக் கையோடு ஓடிவந்து பார்த்தால், பிள்ளை அந்த முழங்கால்களுக்கு நடுவே. நெற்றி ஓரத்தில் தோல் சிவந்து, ரத்தம் பொடிப்பொடியாகக் கசிந்துகொண்டிருந்தது.

"அக்கா, விட்டுருங்க."

"டியாம். பேசாத. நீ போ," என்றாள் பொன்னம்மா. அவளுக்குத் தமிழ் அரைகுறையாகத்தான் வரும், மிச்சமெல்லாம் மலாய்.

"விடுங்கன்னு சொல்றேன்ல."

கோகிலா பிள்ளையைப் பிடித்து இழுத்தாள். பொன்னம்மா முழங்காலை இன்னும் இறுக்கினாள், சீதாவுக்கு மூச்சு முட்டியது. சீப்பு கோகிலாவின் கன்னத்தில் பட்டென்று விழுந்தது, திரும்பவும் விழுந்தது. மூன்றாவது தடவை வந்தது சீப்பு அல்ல, சீதாவுக்குக் குத்த வைத்திருந்த ஊசி. அது கோகிலாவின் உள்ளங்கையில் இறங்கி மறுபக்கம் முனை நீட்டியது. கோகிலாவுக்கு வலி தெரியவில்லை. இத்தனை வருஷத்துக் கோபமும் மற்றக் கையில் ஏறி நின்றது. பொன்னம்மாவின் கொண்டையைக் கொத்தாகப் பிடித்துப் பலம்கொண்ட மட்டும் இழுத்தாள்.

அதற்குள் கருணாகரன் பெல்ட்டை உருவிக்கொண்டு ஓடிவந்துவிட்டான். முதல் அடி கோகிலாவின் முதுகில் விழுந்தது. இரண்டாவதுக்கு ஓங்கிய கை அப்படியே நின்றது.

சவுரிக் கொண்டை மூன்று ஊசியோடும் கோகிலாவின் கையில் இருந்தது.

பொன்னம்மாவின் தலையில் நெற்றியிலிருந்து உச்சி வரை முடி இல்லை. கோகிலாவுக்குப் போன அதே ஓரங்கள்தான், நடு மண்டை வரை போயிருந்தன. வழுக்கைமேல் அடுப்புக்கரி பூசியிருந்தாள். வேர்வையில் அது கரைந்து காதோரம் வழிந்தது. கூடப் பிறந்த தம்பி அந்தத் தலையை அன்றுதான் பார்க்கிறான். பெல்ட் அவன் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

பொன்னம்மா இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டாள். கோகிலாவின் கையில் துருத்திக்கொண்டிருந்த ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு சித்திதான் தலை வாரிவிடும்," என்றாள் மெதுவாக. "தினம் அழுவேன். சியாப்பா பூன் தாக் டாத்தாங். யாருமே வரல."

பிறகு முழங்கால்களை விலக்கினாள்.

"போ," என்றாள் சீதாவிடம். "அம்மாகிட்ட போ."