அர்மெல்லா பார்க்காத கஸ்தூரி எலி

1

இது கதையாக ஆரம்பிக்கவில்லை. 'நம் சதுப்பில் கஸ்தூரி எலியை எங்கே, எப்போது பார்க்கலாம்' என்று எங்கள் தேவாலயத்தின் பங்கு மடலுக்கு அரைப்பக்கம் எழுதித் தரச் சொன்னார் சாமியார். தெருவில் எந்த வீட்டு விளக்கு எப்போது அணைகிறது என்று தெரிந்த நான் எலிக்கும் சரிப்படுவேன் என்று நினைத்திருப்பார்.

முதல் வரி: 'ஈரி ஏரியின் மேற்குக் கரையில், பனிக்கட்டி உடைந்த பிறகு, சூரியன் சாயும் நேரத்தில்—'

அடுத்த வரியில் பக்கத்து வீட்டு அர்மெல்லா வந்து நின்றுகொண்டாள். (அந்த வரியை அடித்துப் பார்த்தேன். அவளை யார் நிறுத்த முடியும்?)

2

அர்மெல்லா லபாடி தவக்கால வெள்ளிக்கிழமைகளில் பங்கு மண்டபத்தில் கஸ்தூரி எலி சமைப்பவள். அன்று இறைச்சி கூடாது; ஆனால் எலி தண்ணீரில் வாழ்வதால் எங்களுக்கு அது மீன் கணக்கு. கடவுளே ஒன்றும் சொல்லாதபோது வெளியூர்க்காரர்கள் சொல்ல என்ன இருக்கிறது? கணவன் க்ளோவிஸ் பொறி வைத்துப் பிடித்து, தோலுரித்து, தலையும் வாலும் நீக்கிக் கொண்டுவருவான். அவள் வேகவைத்து வெங்காயத்தோடு வதக்குவாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே வேலை. உயிரோடு ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை.

(நானும் நம்பவில்லை. க்ளோவிஸைத் தனியாக மடக்கிக் கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.)

இப்போது அவள் கண்ணின் நடுவில் ஒரு கறை வளர்கிறது. ஓரம் தெரிகிறது, நடு தெரிவதில்லை. கோடைக்குப் பிறகு எதற்கும் உத்தரவாதம் இல்லை என்றுவிட்டார் மருத்துவர். என்னோடு பேசும்போது எனக்குப் பக்கத்து வேலியைப் பார்க்கிறாள். அப்போதுதான் என் முகம் தெரியுமாம்.

"டெல்ஃபின், ஒண்ணு நீந்துறதப் பாக்கணும்டி. கண்ணு போறதுக்குள்ள. ஒரே ஒண்ணு."

"ஊர்ல நயாகராவப் பாக்கணும்பாங்க. நீ எலியக் கேக்குற."

"நயாகராவ நான் வெட்டி வதக்கலியே."

3

'அந்த மாலையில் சதுப்பு ஒரு கண்ணாடியைப் போல—'

வேண்டாம். இலக்கியம் செய்ய ஆரம்பித்தால் எனக்கே கொட்டாவி வருகிறது. நடந்ததைச் சொல்கிறேன்.

க்ளோவிஸ் எங்களைப் படகில் ஏற்றி, தனக்கு மட்டுமே தெரிந்த வளைவுக்குக் கூட்டிப்போனான். (அவனுக்கு மட்டுமே தெரிந்ததாக அவன் நினைக்கும் வளைவு.) சம்புக் கோரைத் தட்டைகளைக் குவித்து எலிகள் கட்டிய வீடுகள் தண்ணீரில் வரிசையாக நின்றன. காத்திருந்தோம். ஒரு குமிழிகூட வரவில்லை.

"என்னய்யா, ஒண்ணையும் காணோம்?" என்றாள் அர்மெல்லா.

"எப்பவும் இங்கதான் இருக்கும்."

"இருந்துச்சு. குளிர்காலம் பூரா நீதானே இங்க பொறி வச்ச? அத நான்தானே சமைச்சேன்?"

க்ளோவிஸ் படகைத் திருப்பினான். எங்கள் ஊர் பொறிக்காரர்கள் அத்தனை பேரும் இப்படித்தான். எலி எங்கே என்று கேட்டால், தாங்கள் துடைத்தெடுத்த இடத்தையே பெருமையாகக் காட்டுவார்கள்.

கரை சேரும்வரை அர்மெல்லா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அல்லது உள்ளங்கையின் ஓரத்தை.

4

(இங்கேயே முடித்திருக்கலாம். சோகமான முடிவுக்கு மரியாதை அதிகம். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை வந்து தொலைத்தது.)

மண்டபத்தில் கூட்டம் விருந்துக்கு உட்கார்ந்தாயிற்று. வெங்காயத் தோலைக் கொட்ட அவள் பின்பக்கம் போனாள். என்ன செய்கிறாள் பார்க்கலாம் என்று நானும் போனேன். வண்டிகள் நிறுத்துமிடத்தை ஒட்டி ஒரு வாய்க்கால். அங்கே யாரும் பொறி வைப்பதில்லை. வாய்க்காலில் எலி பிடிப்பது கௌரவக் குறைச்சல்.

"நில்லு," என்றேன்.

தண்ணீரில் ஒரு கோடு இரண்டாகப் பிரிந்து விரிந்துகொண்டே வந்தது. அதன் நுனியில் ஒரு பழுப்புத் தலை. பின்னால் வால், பக்கவாட்டில் தட்டையாக, இடமும் வலமுமாகத் தண்ணீரைத் தள்ளியது. கரையோரத் தட்டைக் குவியலில் ஏறி உட்கார்ந்து, ஒரு சம்புக் கிழங்கை இரண்டு கையாலும் பிடித்து, திருப்பித் திருப்பிக் கடித்தது. கை என்றுதான் எழுத வருகிறது. ரோமத்தின் நுனிதோறும் ஒரு துளி, துளிதோறும் சாயங்கால வெயில். தட்டில் நான் பார்த்ததெல்லாம் என்ன பிராணி? அப்படிக் கேட்கத் தோன்றியது எனக்கு. எனக்கு!

"எங்கடி?"

"நேரா பாக்காத. அந்த விளக்குக் கம்பத்தப் பாரு, ஓரத்துல வரும்."

கம்பத்தைப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள். தன் தோளைப் பார்த்தாள். பிறகு கண்களை மூடிக்கொண்டாள்.

"வாய மூடு டெல்ஃபின். மெல்லுது. கேக்குது எனக்கு."

எனக்கும் கேட்டது. நறுக், நறுக். பிறகு நின்றது. அது தண்ணீரில் நழுவி, நேராக எங்கள் பக்கமே வந்தது.

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அவள் கண்ணைத் திறக்கிறாள். ஓரத்தில் அது முழுதாக இருக்கிறது.

அவள் கண்ணைத் திறக்கிறாள், கறைதான் இருக்கிறது. மெல்லும் சத்தம் கேட்ட சந்தோஷமும் அதோடு—

அது காலடிக்கு வந்ததை நான் சொல்லாமலே விட்டு—

எந்த வீட்டுச் சங்கதியையும் நான் பாதியில் விட்டதில்லை. இதை என்னால் முடிக்க முடியவில்லை. நீங்கள் கொஞ்சம் இப்படி வாருங்கள். அது அவள் செருப்பு நுனிக்குக் கீழே வந்து நிற்கிறது, மீசையில் தண்ணீர் சொட்ட. அவள் மூடிய கண்ணோடு சிரித்துக்கொண்டிருக்கிறாள். மண்டபக் கதவு எந்த நேரமும் திறக்கலாம்.

அவள் காது உங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. கண்ணைத் திற என்று சொல்வதானால் மெதுவாகச் சொல்லுங்கள்.