என் தும்மல் வென்ற கோப்பை

ஃபிஜியில் பாட்டுப் போட்டியைத் தும்மியே ஜெயித்த ஒரே மனிதன் நான்தான். எனக்குப் பாட்டு வராது; கப்பலில் எஞ்சின் பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரே தும்மல். அதில் சூவா துறைமுகத்தில் நின்ற மூன்று கப்பல்கள் நங்கூரத்தை அறுத்துக்கொண்டு போனதை விட்டுவிடுகிறேன். கோப்பையை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் கண்டவுத் தீவில் சர்ச் பாட்டுக் குழுவுக்கு மாஸ்டர், என் அத்தை மகன் ஏரோனி. எங்கள் பக்கம் மச்சான்கள் மரியாதையாகப் பேசிக்கொண்டால் வீட்டில் ஏதோ விபரீதம் என்று அர்த்தம். பல வருடமாகப் பக்கத்து விரிகுடாக்காரர்களிடம் தோற்றுக்கொண்டிருந்தான். இந்த முறையும் தோற்றால் மாஸ்டர் குச்சி வேறொருவன் கைக்குப் போகும் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். பாவம், கனவிலும் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

தலைநகர் சூவாவில் நடக்கும் போட்டிக்கு ஐந்து வாரம் இருக்கையில் நான் அங்கிருந்து சளியோடு ஊரில் வந்து இறங்கினேன். சாயங்காலம் யங்கோனா கரைத்தார்கள்; வேரை இடித்துத் தண்ணீரில் கரைத்து எல்லோரும் சுற்றி உட்கார்ந்து குடிக்கும் எங்கள் ஊர்ப் பானம். எல்லோருக்கும் ஒரே தேங்காய்ச் சிரட்டைதான்.

"எனக்குச் சளி, என்னை விட்டுடுங்கப்பா" என்றேன்.

"சூவால இருந்து வெறுங்கையோட வந்திருக்க. சளியையாவது குடு" என்றான் ஒரு கட்டைக்குரல்காரன். குழுவின் கட்டைக்குரல்காரர்கள் எல்லோரும் அந்தப் பாயில்தான் இருந்தார்கள். சிரட்டை சுற்றியது. நான் தும்மினேன். பாய் என்னோடு ஒரு முழம் பின்னால் போனது.

சில நாளில் கட்டைக்குரல்காரர்கள் சங்கு ஊதுவதுபோல மூக்குச் சிந்தினார்கள். பிறகு அவர்கள் மனைவிமார். குழுவில் மேல்குரல் பாடுவது அவர்கள்தான்.

ஏரோனி ஓடி வந்தான். "டேய் எமோசி, என் ஆளுங்களைக் கவுத்துட்டியேடா. உன் மூக்கை அறுத்துத் தூண்டில்ல மாட்டணும்."

"மாட்டு மச்சான். சுறாவே வந்து விழும்."

நர்ஸ் வசேமதாதான் சமாதானம் செய்தாள். "மாஸ்டர், பதறாதீங்க. ஒரு வாரம், பத்து நாள்ல தானாப் போயிடும். இருமல் மட்டும் சிலருக்கு மூணு வாரம் வரைக்கும் இழுக்கும். கைக்குழந்தைங்க, வயசானவங்க கிட்ட மட்டும் யாரும் போகாதீங்க. ஒரு நல்லது என்னன்னா, இதே சளி இவங்களுக்குச் சீக்கிரம் திரும்ப வராது."

"கதை விடாத. எனக்கு வருஷத்துக்கு நாலு தடவை வருது."

"அது நாலும் வேற வேற கிருமி மாஸ்டர். நூத்துக்கணக்குல இருக்கு. ஒண்ணைத் துரத்தின உடம்பு அதைக் கொஞ்ச காலம் ஞாபகம் வச்சிருக்கும். அடுத்ததை அதுக்குத் தெரியாது."

"உடம்புக்கு ஞாபகமா? என் ஆளுங்களுக்குப் பாட்டு வரியே ஞாபகம் இருக்க மாட்டேங்குது."

ஏரோனி நம்பவில்லை. நடுக்குரல் பாடும் கல்யாணமாகாத பையன்களை ஒரு வீட்டில் போட்டு அடைத்தான். ஆளுக்கொரு சிரட்டை. சாப்பாடு ஜன்னல் வழியாக. காவலுக்குத் தானும் உள்ளே உட்கார்ந்துகொண்டான். நான் அந்தப் பக்கம் போனால் மரவள்ளித் தோல் பறந்து வரும்.

எல்லாம் யோசித்தவன் கப்பலை யோசிக்கவில்லை. சூவாவுக்கு ஒரே கப்பல். விரிகுடாக்காரர்களும் அதில்தான். பாயோடு பாய் போட்டு உட்கார்ந்தோம். அதற்குள் சளி இரண்டு ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் போயிருந்தது. எங்களூரில் எந்த மடி கிட்டே இருக்கிறதோ அதில் குழந்தை ஏறும். யார் பெற்றது என்று யாரும் கேட்பதில்லை. ஏரோனி மடியில் இரண்டு, கழுத்தில் ஒன்று. மூன்றும் அவன் முகத்திலேயே இருமின. விரிகுடா மாஸ்டருக்கும் அவர் ஆட்களுக்கும், எங்கள் நடுக்குரல் பையன்களுக்கும் அதே கொலு.

இரண்டு நாள் கழித்துப் போட்டி. விரிகுடாக்காரர்கள் வாயைத் திறந்தார்கள். ஆட்டுக்கொட்டகையில் மழை பெய்தது மாதிரி இருந்தது. எங்கள் நடுக்குரல் பையன்களிடமிருந்தோ காற்றுதான் வந்தது. ஏரோனிக்கும் குரல் இல்லை. குச்சி நழுவிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல், கட்டைக்குரல்காரர்களில் பாதிப் பேரை நடுக்குரல் பக்கம் நிற்கச் சொல்லிக் கையைக் காட்டினான்.

என் சளியை முன்பே வாங்கி முடித்தவர்களில் ஒருவனும் இருமவில்லை. ஒருத்தியும் மூக்கை உறிஞ்சவில்லை. அவர்கள் பாடிய பாட்டில் கூரைத் தகரம் எழுந்து நின்று கேட்டுவிட்டு, மறுபடி தன் இடத்தில் படுத்துக்கொண்டது. நடுவர்களில் ஒருவர் இன்னும் அழுதுகொண்டிருப்பதாகக் கேள்வி.

முதல் பரிசு. ஜெயித்த மாஸ்டர் நன்றி சொல்ல வேண்டும். ஏரோனி கைக்குட்டையோடு மைக் முன்னால் போனான். கடவுளுக்கு, ஊர்த் தலைவருக்கு, பாய் முடைந்த பெண்களுக்கு என்று காற்றாகவே நன்றி சொன்னான். முன்வரிசையில் நான் மூக்கைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முறைத்தான். பெருமூச்சு விட்டான்.

"சொல்லித்தான் ஆகணும்" என்றான் கரகரவென்று. "எமோசி தும்மினான். நாங்க ஜெயிச்சோம்."