வேலி இல்லாத வீடு

"வேலி போட்ட வீட்டுக்காரர்களுக்கு மட்டும்." சிம்பாங் ரெங்கம் நாய்க் காப்பகத்தின் வாசலில் யோகேஸ்வரியே மாட்டிய பலகை அது. கொடுத்த நாய் சாலையில் அடிபட்டுச் சாகக் கூடாதே என்ற பயம் அவளுக்கு. வேலியில்லாத வாடகை வீட்டிலிருந்து நாய் கேட்டு வந்த லாரிக்காரர் ஜெயபாலனைப் போன மாதம் அதைக் காட்டித்தான் விரட்டினாள். இப்போதோ கூண்டுகள் நிரம்பிவிட்டன. புதிதாக வந்த குட்டிகளுக்கு இடமில்லை. வீம்பை விழுங்கிக்கொண்டு அவரையே கூப்பிட்டு, யாரும் கேட்காத கிழட்டு நாய் கறுப்பியைக் கொடுத்தனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை லாரி திரும்பி வந்தது. முன் இருக்கையில் கறுப்பி முதலாளி மாதிரி உட்கார்ந்திருந்தது. நாயைத் திருப்பி விட வந்திருக்கிறார் என்று நினைத்ததும் யோகேஸ்வரிக்குக் கோபம் பொங்கியது.

"நான்தான் சொன்னேன்ல, வேலி இல்லாத வீடு சரிப்படாதுன்னு!"

"அலமாக், ஐயோ அதில்லக்கா! மூவார் டவுனுக்கு, நாற்காலிப் பட்டறையில சரக்கு ஏத்தப் போனேன். கறுப்பியைப் பாத்துட்டு அங்க வேலை செய்ற ரெண்டு பேரு, எங்களுக்கும் ஒண்ணு கிடைக்குமான்னு கேட்டாங்க. கூட்டிட்டு வந்துட்டேன்லா."

பின்னாலேயே வந்த காரிலிருந்து இருவர் இறங்கினார்கள். பலகையைப் படித்ததும் அவர்கள் முகம் வாடியது. "நாங்களும் வேலியில்லாத வாடகை வீடுதான்..."

யோகேஸ்வரி ஜெயபாலனைப் பார்த்துக் கைகூப்பினாள். பிறகு பலகையைக் கழற்றி, குட்டிகளின் மழை ஒழுகும் கூண்டுக்குக் கூரையாகப் போட்டாள்.