யார் முதலில் எழுந்திருப்பது

வெள்ளிக்கிழமை மதியம் நாலு பத்து. சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. முலாம்பழத் தோல் தட்டில் காய்ந்து சுருண்டுகொண்டிருந்தது. மேஜைக்கு இந்தப் பக்கம் காசில்தா உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம், முதுகை ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நிமிர்த்திக்கொண்டு, பிரிட்டா உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் அந்தப் புன்னகை இருந்தது. பன்னிரண்டு நாளாகக் காசில்தா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். சாப்பாடு பிடித்ததால் வந்த புன்னகையா, பல்வலியை மறைக்கும் புன்னகையா என்று இன்றுவரை பிடிபடவில்லை.

ஐந்து மணிக்குள் காசில்தா இந்த மேஜையை விட்டு எழுந்தாக வேண்டும். எழுந்து, மூன்று மாடி இறங்கி, தெருமுனைக் காபிக்கடைக்குப் போய், அங்கே சுவரில் மாட்டியிருக்கும் கரும்பலகையில் தன் சீட்டாட்டக் கூட்டாளி ஒவிதியோவின் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரைத் தன் கையால் எழுத வேண்டும். திருவிழாச் சீட்டாட்டப் போட்டிக்கு ஜோடியாகப் பதிவு செய்ய இன்று ஒருநாள்தான், நாலரையிலிருந்து ஐந்துக்குள்தான். ஜோடியில் இரண்டு பேரும் நேரில் வந்தாக வேண்டும் என்பது கடைக்காரரின் சட்டம். அவர் மனைவியே கெஞ்சினாலும் மாற்ற மாட்டார்.

சாப்பிட்ட கையோடு எழுந்து ஓடுகிறவனை இந்தச் சலமான்கா ஊரில் யாரும் மனிதனாக மதிப்பதில்லை. உட்கார்ந்து நாலு வார்த்தை பேச வேண்டும். அரை மணி, முக்கால் மணி, ஞாயிற்றுக்கிழமை என்றால் இரண்டு மணி. ஆனால் எதற்கும் ஒரு அளவு உண்டு. அதற்குப் பிறகு ஜன்னல் தட்டியை இறக்கிவிட்டு இருபது நிமிஷம் கண்ணயர வேண்டும், முகம் கழுவ வேண்டும், சீட்டாடப் போக வேண்டும். காசில்தாவின் புருஷன் செத்த பிறகு அவள் வாழ்க்கையை இழுத்துப் பிடித்துக் கட்டி வைத்திருந்தது இந்த ஒழுங்குதான். இருபத்தோரு கோடையாக அவள் வீட்டில் அமெரிக்கக் கல்லூரிப் பிள்ளைகள் வந்து தங்குகிறார்கள். ஐந்து வாரம் ஸ்பானிஷ் படிப்பார்கள், அவள் கை சாப்பாட்டைச் சாப்பிடுவார்கள், கிளம்பும்போது அழுவார்கள். எல்லாப் பிள்ளைகளும் கடைசி வாய் தொண்டையில் இறங்குவதற்கு முன்பே கதவைத் திறந்துகொண்டு ஆற்றங்கரைக்கு ஓடின பிள்ளைகள்தான். ஒருத்தரும் அவளுடைய மதியத்தில் கை வைத்ததில்லை.

இந்த வருஷம்தான் வந்தது வினை. பிள்ளைகளை வீடு வீடாகப் பிரித்து அனுப்பும் நியேவெஸ் ஒரு தாள் கொடுத்துவிட்டுப் போனாள். போன வருஷம் மூன்று பெண்கள் புகார் எழுதினார்களாம்: வீட்டுக்காரர்கள் எங்களை மேஜையிலேயே விட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள், எங்களோடு பேச ஆளில்லை என்று. அதனால் இனிமேல் மாணவர் எழுந்திருக்கும்வரை வீட்டுக்காரர் எழுந்திருக்கக் கூடாது. மறுபடியும் புகார் வந்தால் அந்த வீட்டின் பெயர் பட்டியலில் இருக்காது. இருபத்தோரு வருஷம் ஒரு புகாரும் இல்லாமல் காப்பாற்றிய பெயரைக் காசில்தா ஒரு மதியத் தூக்கத்துக்காக விட்டுவிடுவாளா? எவ்வளவு நேரம் உட்கார்ந்துவிடப் போகிறாள், மினசோட்டாவிலிருந்து வந்த இந்தப் பிரிட்டா என்றுதான் நினைத்தாள்.

முதல் நாள் ஆறரை மணிவரை உட்கார்ந்தாள்.

காசில்தா தன் கல்யாணத்தைச் சொன்னாள். மறுநாள் புருஷன் செத்ததைச் சொன்னாள். பித்தப்பை அறுவைச் சிகிச்சை மூன்று மதியத்துக்கு வந்தது, மேல்மாடிக்காரன் பியானோ வாங்கிய அநியாயம் ஒரு மதியத்துக்கு. ஏழாம் நாள் வாழ்க்கை தீர்ந்துபோயிற்று. அறுபத்தோரு வருஷம் வாழ்ந்தும் ஆறு நாள் பேச்சுக்குத்தான் தேறுகிறது என்று அவளுக்கு முதலில் அதிர்ச்சியாகத்தான் இருந்தது. இருபது நிமிஷம் இரண்டு பேரும் ஒரு ஈயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் காசில்தாவின் வாய் தானாகத் திறந்தது.

"எனக்கு ஒரு அண்ணன் இருந்தான்."

காசில்தா ஒரே பிள்ளை. ஆனால் சொன்னது சொன்னதுதான். பிரிட்டா நோட்டை எடுத்துவிட்டாள். அண்ணன் பெயர் ஃபெர்மின். பத்தொன்பது வயதில் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு, கப்பலில் சமையல்காரனாகச் சேர்ந்து, அர்ஜென்டினாவுக்குப் போய், ஆடு மேய்த்து, குளிரில் கால் விரல் ஒன்றை இழந்தான். நேற்றைய கதையில் அவன் வலது காலை நொண்டி நொண்டி நடந்தபோது, "அம்மா, போன செவ்வாய்க்கிழமை இடது கால்னு சொன்னீங்க" என்று பிரிட்டா நோட்டைப் பார்த்துத் திருத்தினாள். காசில்தாவுக்குக் கோபம் வரவில்லை. சொன்னால் வெட்கம், இப்போதெல்லாம் காலையில் வெங்காயம் நறுக்கும்போதே இன்றைக்கு ஃபெர்மினை எங்கே கொண்டுபோகலாம் என்று யோசிக்கிறாள்.

ஆனால் ஒவிதியோவை எங்கே கொண்டுபோவது? நாலு வருஷமாக அவர்கள் ஜோடி. ஓய்வுபெற்ற தபால்காரர், மனைவியை இழந்தவர், ஒரு நாளும் சட்டை கசங்காமல் வருகிறவர். இந்த ஆட்டத்தில் ஜோடிகள் எதிரெதிரே உட்கார வேண்டும். எனவே நாலு வருஷமாக, மாலைக்கு இரண்டு மணி நேரம், காசில்தா அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைத் தாண்டி இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொண்டதில்லை. இந்த இரண்டு வாரத்தில் அவள் நாற்காலியில் பூரா என்ற ஒருத்தி உட்கார்ந்துவிட்டாள். மருந்துக்கடைக்காரரின் தங்கை. போன வருஷம் இவர்களை இறுதி ஆட்டத்தில் தோற்கடித்தவள். அவளுடைய ஜோடி ஊர் மாறிப் போய்விட்டதால் இப்போது ஆள் தேடிக்கொண்டிருக்கிறாள். ஒவிதியோ இல்லை என்று சொல்லத் தெரியாதவர்.

நேற்று அவரே போன் பண்ணினார்.

"நாளைக்கு வந்துருவீங்கல்ல?"

"இந்தப் பொண்ணு எழுந்திரிக்க மாட்டேங்குது."

"எழுந்திரிம்மான்னு சொல்லிற வேண்டியதுதானே."

"வீட்டுக்கு வந்த புள்ளைய எழுந்திரின்னு எந்த வாயால சொல்றது?"

"பூரா கேக்கறா," என்றார் ஒவிதியோ. "நான் பாப்போம்னு சொல்லியிருக்கேன்."

பாப்போமாம். ராத்திரி முழுக்க அந்த ஒரு வார்த்தை காசில்தாவைக் கொசு மாதிரிச் சுற்றிச் சுற்றி வந்தது.

மணி நாலு இருபது.

"ஆத்தங்கரைக்குப் போகலையா, கண்ணு? உன் கூட்டமெல்லாம் பாலத்துகிட்ட நிக்குமே."

"நிப்பாங்க அம்மா. பரவாயில்ல." பிரிட்டாவின் கால் மேஜைக்கடியில் ஆடிற்று. அதில் காபிக் கரண்டிகள் கிணுகிணுத்தன. "எனக்கு இங்க ரொம்பப் பிடிச்சிருக்கு."

காசில்தா சமையலறைக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அது எழுந்ததாகக் கணக்கில்லை, பரிமாறுவது. திரும்பி வந்து உட்காராமல் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். "ஃபெர்மின் நல்ல உயரம். நீ சித்த எழுந்து நில்லு, எவ்வளவு உயரம்னு காட்டறேன்."

பிரிட்டா பேனாவை எடுத்தாள். "எத்தனை சென்டிமீட்டர்?"

காசில்தா உட்கார்ந்துவிட்டாள். மினசோட்டாவில் பிள்ளைகளை என்ன போட்டு வளர்க்கிறார்கள் என்று தெரியவில்லை. நாலு முப்பது ஆயிற்று. முனைக்கடையில் இந்நேரம் பலகையை இறக்கியிருப்பார்கள். அழுகை வருகிறதா, தூக்கம் வருகிறதா என்று அவளுக்கே புரியவில்லை.

அப்போது அழைப்பு மணி அடித்தது. வாசலில் ஒவிதியோ நின்றார். மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கிற்று. சட்டை மட்டும் கசங்கவில்லை.

"இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு," என்றார். "பூரா அங்க சாக்பீஸைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா."

"உள்ள வாங்க. ஒரு வாய் காபி."

"வேண்டாம்."

"மாடி ஏறி வந்தவங்களை அப்படியே அனுப்பறதா?"

இரண்டாம் முறை மறுப்பது மரியாதையில்லை. அவர் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது, இப்போது எழுந்திருக்க முடியாதவர்கள் மூன்று பேர்.

"இவர் ஒவிதியோ," என்றாள் காசில்தா. "இந்தத் தெருவுக்கு முப்பத்தொரு வருஷம் தபால்காரர். ஓய்வு பெத்து அஞ்சு வருஷமாச்சு."

சொல்லி முடிக்கும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிரிட்டாவின் புன்னகை போய்விட்டது. அதனிடத்தில் பன்னிரண்டு நாளில் முதல் முறையாக நிஜமான ஒரு முகம் வந்தது.

"அப்படின்னா ஃபெர்மினோட கடிதமெல்லாம் நீங்கதான் கொண்டுவந்திருப்பீங்க."

"யாரோட கடிதம்?"

"அம்மாவோட அண்ணன். அர்ஜென்டினாவில இருந்து."

இந்தத் தெருவில் எந்தக் கதவுக்குப் பின்னால் எந்தப் பெயர் என்று ஒவிதியோவுக்குத் தூக்கத்திலும் தெரியும். காசில்தாவுக்கு ஒரு அண்ணன் கிடையாது, ஒரு பூனைகூடக் கிடையாது என்றும் தெரியும். அவர் அவளைப் பார்த்தார். இருபத்தோரு வருஷப் பெயரை விடுங்கள், இந்த மனுஷன் முன்னால் பொய்க்காரியாகி நிற்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வேறு வழி தெரியாமல் இரண்டு கண்ணையும் ஒருமுறை இறுக மூடித் திறந்தாள். அவர்கள் ஆடும் ஆட்டத்தில் ஜோடிக்கு முகத்தால் சாடை காட்டலாம், அது திருட்டில்லை, விதியிலேயே உண்டு. கண்ணை மூடினால், என் கையில் ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

ஒவிதியோ காபியை ஒரு வாய் குடித்தார். கோப்பையை வைத்தார்.

"ஃபெர்மினா?" என்றார். "நான்தான் கொண்டாந்து குடுத்தேன். அவன் எழுத்து ஒரு மாதிரி இடது பக்கம் சாஞ்சிருக்கும்."

பிரிட்டா எழுதிக்கொண்டாள். காசில்தா மூச்சு விட்டாள். மேஜைக்கடியில் கரண்டிகள் மறுபடி கிணுகிணுத்தன. ஒவிதியோ குனிந்து, ஆடிக்கொண்டிருந்த காலைப் பார்த்தார்.

"ஏம்மா, உனக்குச் சிநேகிதங்க யாரும் கெடையாதா? இந்த வெயில்ல ஆத்துல போய் விழாம எங்களை மாதிரி கெழங்களோட உக்காந்திருக்கியே."

பிரிட்டாவின் முகம் காதுவரை சிவந்தது. "இருக்காங்க. தினமும் நாலு மணிக்கு எனக்காக நிக்கறாங்க. எனக்கும் போகணும்தான். ஆனா எங்களுக்குக் குடுத்த தாள்ல போட்டிருக்கு." நோட்டுக்குள்ளிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்துப் படித்தாள். வீட்டு அம்மா எழுந்திருக்கும்வரை மாணவர் மேஜையை விட்டு எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் குடும்பத்தையே அவமதித்ததாகும்.

காசில்தா சமையலறைக்குப் போனாள். ஃப்ரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த தன் தாளைப் பிய்த்துக்கொண்டு வந்து அதன் பக்கத்தில் போட்டாள். ஒவிதியோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும், தவறான முகவரிக்கு வந்த தபாலைப் பார்ப்பதுபோல், மாற்றி மாற்றிப் படித்தார்.

"ரெண்டுலயும் நியேவெஸ் கையெழுத்துதான் இருக்கு," என்றார். அதற்குமேல் சொல்ல முடியாமல் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, காசில்தா அவர் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. நாலு வருஷத்தில் அவரைத் தொட்டது அதுதான் முதல் முறை.

பன்னிரண்டு மதியம். பன்னிரண்டு தூக்கம். முதலில் நியேவெஸின் கழுத்தைத் திருக வேண்டும் போலிருந்தது அவளுக்கு. அப்புறம் எதிரே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கும் பிரிட்டாவைப் பார்த்ததும் அவளுக்கும் அடக்க முடியவில்லை. பாவம், நானாவது என் வீட்டில் உட்கார்ந்திருந்தேன் என்று நினைத்துக்கொண்டாள்.

"அஞ்சுக்கு இன்னும் பத்து நிமிஷம்," என்றார் ஒவிதியோ. "இறங்கி நடந்தா போய்ச் சேந்துறலாம்."

அவர் முழங்காலில் கையை ஊன்றினார். காசில்தா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். பிரிட்டா நோட்டை மூடப் போனவள் பாதியில் நிறுத்தினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா? கடைசிக் கடிதத்தில ஃபெர்மின் என்ன எழுதியிருந்தார்?"

காசில்தா அந்தக் கடிதத்தை இன்னும் யோசிக்கவில்லை. திங்கட்கிழமைக்கு என்று வைத்திருந்தாள். பாதி எழுந்திருந்த ஒவிதியோ அப்படியே நின்றார். பிறகு மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தார்.

"கடைசிக் கடிதத்தை நான் குடுக்கவே இல்ல," என்றார்.

காசில்தாவும் உட்கார்ந்தாள்.

"ஏன்?" என்றாள் பிரிட்டா.

"பையிலயே வெச்சிருந்தேன். நாலு வருஷமா."

"நாலு வருஷத்துக்கு முன்னாடியே நீங்க ஓய்வு பெத்தாச்சு இல்லையா?"

"அதுக்கப்புறம் வந்த கடிதம்தான்."

காசில்தா அவர் முகத்தைப் பார்த்தாள். உதட்டைக் கடிக்கிறாரா, கண்ணடிக்கிறாரா, நாக்கு நுனியை நீட்டுகிறாரா என்று பழக்கதோஷத்தில் தேடினாள். ஒரு சாடையும் இல்லை. அவர்கள் ஜோடி சேர்ந்தும் நாலு வருஷம்தான். அந்த முகத்தை எப்படிப் படிப்பது என்று தெரியாமல் அவள் மேஜை விரிப்பில் கிடந்த ரொட்டித் துணுக்குகளை விரலால் ஒன்றாகக் கூட்டினாள்.

"அதுல என்ன எழுதியிருந்தது?" என்று கேட்டது பிரிட்டா இல்லை, காசில்தாதான். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"தபால்காரன் கடிதத்தைப் பிரிக்கக் கூடாது." அவர் கோப்பையைத் தட்டில் ஒரு சுற்றுச் சுற்றினார். "ஆனா எழுதினது யாருன்னு எனக்குத் தெரியும்."

"பின்ன குடுக்கறதுக்கென்ன?"

"மூணு மாடி ஏறணுமே."

"இன்னிக்கு ஏறிட்டீங்களே," என்றாள் பிரிட்டா.

மாதாகோயில் மணி ஐந்து அடித்தது. ஒவ்வொன்றும் தனித்தனியாக, அவசரமில்லாமல் வந்து விழுந்தது. முனைக்கடைப் பக்கத்திலிருந்து யாரோ பலமாகச் சிரிக்கும் சத்தம் கேட்டது, அது பூராவாக இருக்கலாம். ஒவிதியோ ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. காசில்தாவும் திரும்பவில்லை.

பிரிட்டா இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்தாள். நோட்டை மூடினாள், பேனாவை அதற்குள் வைத்தாள். பிறகு நாற்காலி தரையில் உராயாமல் இரண்டு கையாலும் தூக்கிப் பின்னால் வைத்துவிட்டு, எழுந்தாள். வாசலில் செருப்பைப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். கொஞ்ச நேரத்தில் கீழே தெருக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஜன்னல் தட்டியின் இடுக்கு வழியாக வந்த வெயில், மேஜையில் ஆறிக்கொண்டிருந்த காபிகளுக்கு நடுவே கோடு கோடாகக் கிடந்தது. உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.